காயமில்லாத ராசா

வடக்கே பனிக்கடல் நாட்டை ஆண்ட ஹாருல்ஃப் ராசா, செத்து ஆயிரம் வருஷம் கழித்து, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் எங்கள் கல்லாமுனைக் கடற்கரையில் கரை தட்டினார். அன்றைக்குச் சாளை குவியல் குவியலாக வந்து விழுந்திருந்ததால் யாரும் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. ஏலம் கூறிக்கொண்டிருந்த ஊர்க்கமிட்டித் தலைவர் கயித்தான் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு தென்னை நீளத்துக்குக் கறுத்த மரக்கப்பல், அதன் முகப்பில் வாயைப் பிளந்த பாம்புத் தலை, தலைக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு செந்தாடி வயிறுவரை தொங்க ஒரு ஆள். பார்த்துவிட்டு அவர் அடுத்த குவியலுக்கு நகர்ந்தார்.

முதலில் கப்பல் பக்கம் போனது ஜெபஸ்தியாள்தான். வேடிக்கை பார்க்க அவள் போகவில்லை. கப்பலின் நிழல் அவள் காயப்போட்டிருந்த கருவாட்டின்மேல் விழுந்தது.

“யோவ், இதத் தள்ளிப் போடும். கருவாட்டுக்கு வெயில் வேணும்லா” என்றாள்.

ராசாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் ஜெபஸ்தியாளின் கை எந்தப் பக்கம் காட்டியது என்று தெரிந்தது. ஆயிரம் வருஷமாக ஒருவரும் அவரை ஒரு வேலையும் ஏவியதில்லை, அதற்கு முன்னால் அவர் உயிரோடு ஆண்ட காலத்தில் ஏவத் துணிந்தவர்களும் இல்லை. ஆகவே அவர் சற்று நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோளைக் கொடுத்துக் கப்பலைத் தெற்கே தள்ளினார். கருவாட்டின்மேல் வெயில் விழுந்தது. அவள் அவருக்கு ஒரு கும்பா பழைய சோறும் சுட்ட சாளையும் கொடுத்தாள். இப்படித்தான் அவர் எங்கள் ஊர்க்காரர் ஆனார்.

ஹாருல்ஃப் என்ற பெயர் எங்கள் நாக்கில் ஏறவில்லை. ஒரு வாரத்துக்குள் அது ஆருலப்பு ஆகி, ஆருலப்பன் ஆகி, கடைசியில் அருளப்பன் ஆயிற்று. அருளப்பன் என்று ஊரில் ஏற்கெனவே பலர் இருந்ததால், அடையாளத்துக்காக அருளப்ப ராசா என்றோம். அவர் தமிழை ஏலக் கொட்டகையிலும் ஜெபஸ்தியாளிடமும் கற்றுக்கொண்டார். அதனால் எதைச் சொன்னாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னார், பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லாரையும் ‘ஏல’ என்றார். பங்குச்சாமியாரைக்கூட, “ஏல சாமியாரே, சௌக்கியமா?” என்றுதான் கேட்பார். சாமியார், சிறு வயசுக்குப் பிறகு யாரும் தன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

தமிழ் பேச வந்ததும், வலைக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் தன் கதையைச் சொன்னார். குளிர்காலத்தில் சூரியனே எட்டிப்பார்க்காத ஊர் அவருடையது. இளவயதிலேயே ராசாவானவர். உறைந்த கடலின்மேல் கப்பலைச் சறுக்கிக்கொண்டு போய் எதிரியின் கோட்டையைப் பின்வாசல் வழியாகப் பிடித்தவர். அவர் பெயரைச் சொல்லியே நான்கு நாட்டுப் பெண்கள் அழுகிற பிள்ளையை அடக்கிவிடுவார்களாம். கரடியோடு மல்லுக்கட்டியதாகப் பாட்டு உண்டு, ஆனால் அது கரடியில்லை, கரடித்தோல் போர்த்திய தன் மாமன்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆறுகளில் ஏறிப்போய்ப் பட்டணங்களை எரித்தார். கோயில்களையும் எரித்தார்.

அந்த இடத்தில் பங்குச்சாமியார் குறுக்கிட்டார். “கோயில எரிச்சீரா?”

“எரிச்சேன்.”

“எத்தன?”

“எண்ணல.”

சாமியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, எங்கள் வானதூதர் மிக்கேல் சம்மனசு கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடிப்பதை அவருக்கு அபராதமாக விதித்தார். ராசா பாதிக் கோபுரத்தை ஏணி இல்லாமலே அடித்து முடித்தார். செத்துப்போனவர்கள் யாரும் வெள்ளையடித்ததால் திரும்பி வரப்போவதில்லை என்று சாமியாருக்கும் தெரியும், ராசாவுக்கும் தெரியும். ஆனாலும் மேலே இருந்தபடி அவர் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசாமல், இறங்கிச் சாப்பிடவும் வராமல், ஒரே இடத்தை மறுபடி மறுபடி பூசிக்கொண்டிருந்ததை நாங்கள் கீழிருந்து பார்த்தோம்.

அவருடைய துன்பம் என்னவென்றால், அவர் சண்டையில் சாகவில்லை. குளிர்க்காய்ச்சல் வந்து படுக்கையில் செத்தார். அவர்கள் நாட்டு வழக்கப்படி, சண்டையில் ஆயுதத்தோடு செத்தவர்களுக்கென்று மேலே ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. அங்கே தினமும் விருந்து. அவருடைய இரண்டு மகன்கள், எய்னாரும் தோர்கிலும், அவருக்கு முன்னாலேயே போரில் விழுந்து அங்கே போய்விட்டார்கள். இவர் போய்க் கதவைத் தட்டியபோது வாசலில் நின்றவன், “காயம் எங்கே?” என்று கேட்டான். உடம்பெல்லாம் தழும்பு, ஆனால் ஆறின காயம் செல்லாதாம். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மகன்களின் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். கீழே அவர் உடம்பைக் கப்பலில் வைத்துத் தீமூட்டிக் கடலில் தள்ளியிருந்தார்கள். மழை வந்து தீயை அணைத்தது. எழுந்து உட்கார்ந்தவர் அன்றுமுதல் தன்னைக் கொல்ல ஒரு ஆள் தேடி உலகத்துக் கடல்களையெல்லாம் சுற்றினார். வாள் வைத்திருந்தவர்கள் அவரைக் கண்டு ஓடினார்கள். பிறகு வந்தவர்கள் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து சுட்டார்கள். தூரத்திலிருந்து வருவது சண்டையில் சேர்த்தி இல்லை, அதனால் குண்டுகள் அவர்மேல் பட்டு மழைத்துளி மாதிரி விழுந்துவிட்டன.

ஆகவே தினமும் ஏலம் முடிந்ததும் அவர் கொட்டகை நடுவில் நின்று, தான் கற்ற தமிழில் கேட்பார்: “என்னைக் கொல்ல ஆள் உண்டா? ஒருதரம். ரெண்டுதரம்.” மூன்றாம் தரம் சொல்ல அவருக்கு மனசு வராது. நாங்கள் அவரவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். “இன்னிக்கு வேல கெடக்கு ராசா” என்று கயித்தான் சமாதானம் சொல்வார், “நாளைக்குப் பாப்போம்.” ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வந்து, எந்த ஊர், எந்த நாடு, எப்போது செத்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, செத்தவன் ஊரில் இருப்பதற்குத் தடை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி, கருவாடு வாங்கிக்கொண்டு போனார்.

கப்பலையும் ஊர் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. முகப்பிலிருந்த பாம்புத் தலையைப் பார்த்து, மிக்கேல் சம்மனசின் காலடியில் மிதிபடுகிற பேய்ப் பாம்பு அல்லவா இது என்று சில பெண்கள் முதலில் ஒதுங்கினார்கள். சாமியார் வந்து பார்த்து, இது வேறு பாம்பு என்று சொன்ன பிறகு அதன் கழுத்திலிருந்து எதிர்த் தென்னைவரை கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். மேல்தளத்தில் நெத்திலி காய்ந்தது. துடுப்புத் துளைகளில் புறா கூடு வைத்தது. ராசா ஜெபஸ்தியாளின் குடிசையை ஒட்டித் தனக்கொரு குடிசை போட்டுக்கொண்டார்.

மீன் அறுக்கும்போது அரிவாள்மணை அவர் விரலில் பட்டால் கோடு விழும், ரத்தம் வராது. ஜெபஸ்தியாள்தான் அதை முதலில் கவனித்தாள். ஆனால் அதைப்பற்றிக் கேட்காமல் வேறொன்று கேட்டாள். அவள் புருஷன் சிலுவைமுத்து ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை.

“சண்டையில செத்தவன் மேல போறான். கடல்ல போனவன் எங்க போறான், உங்க கணக்குல?”

“கடலுக்கு அடியில ஒருத்தி வல வச்சிருக்கா” என்றார் ராசா. “மூழ்குறவன எல்லாம் வலையில அள்ளி எடுத்து, தன் வீட்டுல ஒக்கார வச்சு சாப்பாடு போடுவா. நல்லா ஊத்திக் குடுப்பா.”

“அவரு குடிக்க மாட்டாரே.”

ராசா இதை யோசித்தார். “அப்ப மீன் குடுப்பா.”

“கொழம்பு புளிப்பா இருந்தாத்தான் அவருக்கு எறங்கும்” என்றாள் ஜெபஸ்தியாள். சொல்லிவிட்டு அடுத்த மீனை அரிவாள்மணையில் வைத்தாள்.

எங்களுக்கும் பக்கத்து ஊர் புன்னைத்துறைக்கும் நடுவில் கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு உண்டு. கன்னிப்பார் என்று பெயர். சீலா, பாறை, ஊளி மீன்களெல்லாம் அங்கேதான் அடையும். அது யாருக்கு என்பதில் தகராறு எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறது. முந்தின வருஷம் இரண்டு பக்கமும் படகு எரிந்தது, எங்கள் பையன் ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று. இந்த வருஷம் இன்னும் மோசமாகும் என்று தெரிந்தது, ஏனென்றால் இரண்டு ஊரிலும் பெண்கள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு அமைதியாக இருந்தார்கள்.

ராசா கமிட்டிக்கு வந்தார். தங்கள் நாட்டில் இப்படி வந்தால் ஊருக்கு ஒரு ஆள்தான் இறங்குவான் என்றார். மண்ணில் ஒரு சீலையை விரித்து நாலு மூலையிலும் முளை அடிப்பார்கள். இரண்டு பேரும் அதன்மேல் நின்று சண்டை போடவேண்டும். செத்தாலும் தோல்வி, சீலையை விட்டுக் கால் வெளியே போனாலும் தோல்வி. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். “நம்ம ஊருக்கு நான் நிக்கேன்” என்றார்.

கமிட்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். நாலு நாட்டை நடுங்கவைத்தவர் எங்கள் பக்கம் இருக்கும்போது கன்னிப்பார் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? புன்னைத்துறையும் ஒப்புக்கொண்டது. கௌரவத்துக்காக ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு ஆள் கிடைக்காமல் திண்டாடி, கடைசியில் விசைப்படகு ஓட்டுகிற லாசரைப் பிடித்தார்கள். லாசர் தோளகலமான ஆள், ஆனால் கோழி அறுக்கக்கூடப் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவான். அவன் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததுதான் அவன் செய்த தப்பு.

ஜெபஸ்தியாள் மட்டும் சந்தோஷப்படவில்லை. சண்டைக்கு முந்தின நாள் மத்தியானம், ராசா கோடாலியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“நீரு தோக்கப் போறீரு” என்றாள். “அதுக்குத்தான இந்த ஏற்பாடு?”

ராசாவின் கை நின்றது.

“நீரு செத்துப் புள்ளையளப் பாக்கப் போயிருவீரு. எங்க சனம் கன்னிப்பார் இல்லாம என்ன செய்யும்? உமக்குச் சோறு போட்ட ஊரு.”

“பெரியவனுக்கு என்னோட மூக்கு” என்றார் ராசா. “சின்னவன் தூக்கத்துல சிரிப்பான். ஆயிரம் வருஷம் ஆச்சு.”

கடல் கொண்டுபோன ஒருவனை நினைத்து வருஷக்கணக்காகச் சோறு வடித்தவள் அவள், போகாதேயும் என்று எப்படிச் சொல்வாள்? ஜெபஸ்தியாள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். “நெசமாச் சண்ட போட்டுச் சாவும், நான் ஒண்ணும் சொல்லல. வேணும்னு கழுத்தக் காட்டுனா, அந்த வாசல்ல நிக்குறவனுக்கும் தெரியாமலா போவும்?”

இரண்டு ஊருக்கும் நடுவில், காலையில் முதுகு காட்டி மத்தியானத்தில் முங்குகிற ஒரு மணல்திட்டில் ஏலக் கொட்டகைத் தார்ப்பாயை விரித்து முளை அடித்தார்கள். இரண்டு ஊர்ப் படகுகளும் சுற்றி நின்றன. எங்கள் சாமியாரும் அவர்கள் சாமியாரும் நடுவர்களாக ஒரே படகில் உட்கார்ந்து ஒரே குடையைப் பிடித்துக்கொண்டார்கள். முடிவு தெரிகிறவரை எந்தப் படகும் கிட்டே போகக்கூடாது என்பது பேச்சு.

ராசா லாசருக்குத் தன் கப்பலிலிருந்த நல்ல வாளைக் கொடுத்து, பிடிக்கிற முறையும் சொல்லிக்கொடுத்தார். பிறகு சண்டை தொடங்கியது. அவர் நிஜமாகவே சண்டை போட்டார். கோடாலி காற்றைக் கிழித்த சத்தம் படகுவரை கேட்டது. லாசர் குனிந்தான், உருண்டான், மாதாவைக் கூப்பிட்டான், ஓரத்துக்குப் போனான், ஓரத்திலிருந்து திரும்பி வந்தான். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாளை ஒரு சுற்றுச் சுற்றினான். அது ராசாவின் தோளில் இரும்புச் சட்டை கிழிந்திருந்த இடத்தில் இறங்கியது.

ரத்தம் வந்தது.

ராசா அதைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு வெயிலில் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. “வெட்டுப்புட்டேனே ராசா” என்று லாசர் அழ ஆரம்பித்தான். “நல்லா வெட்டுனல” என்று அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் மறுபடியும் கோடாலியை ஓங்கினார்.

அதற்குள் கடல் ஏறிவிட்டது. தெற்கே எங்கோ புயல் போலிருக்கிறது, அன்றைக்கு ஏற்றம் வழக்கத்தைவிட அதிகம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. இரண்டு பேரும் நகரவில்லை, நகர்ந்தால் கன்னிப்பார் போய்விடும். நாங்களும் படகை நகர்த்தவில்லை, முதலில் நகர்த்துகிற ஊர் தோற்றதாகிவிடும். காலுக்கடியில் மணல் அரித்தது. முளைகள் பிடுங்கிக்கொண்டன. தார்ப்பாய் சுருண்டு எழும்பி, அதன் கயிறு லாசரின் கால்களைச் சுற்றி அவனைக் கீழே இழுத்தது. அவன் தலை ஒருமுறை முங்கி வந்தது. இரண்டாம் முறை முங்கியபோது வாய் திறந்திருந்தது.

அந்த நேரம் ராசாவுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை எல்லாரும் சொல்வார்கள். தோளில் புதுக்காயம், கையில் ஆயுதம், காலடியில் சண்டைக்களம், தோல்வியும் இல்லை. இரும்புச் சட்டையின் கனத்துக்கு அப்படியே நின்றிருந்தால் போதும், கடலே மிச்சத்தை முடித்திருக்கும். அவர் அண்ணாந்து பார்த்ததை இரண்டு சாமியார்களும் பார்த்தார்கள். மேலே அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது. பிறகு அவர் கோடாலியை விட்டார். குனிந்து, இரண்டு கையாலும் லாசரைப் பிடுங்கி எடுத்து, கயிறும் தார்ப்பாயுமாகத் தன் தோள்மேல் உட்காரவைத்து, அவன் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் தாடையைத் தொட்டது. திருவிழாவில் சப்பரம் பார்க்க அப்பன் தோளில் ஏறிய பிள்ளையைப்போல், புன்னைத்துறை லாசர் கல்லாமுனை ராசாவின் தோளில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

எந்த ஊர்ப் படகு முதலில் கிளம்பியது என்பதில் இன்றுவரை வாக்குவாதம் உண்டு. எல்லாப் படகும் போயின.

நடுவர்கள் குடைக்குள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். இருவரும் சீலையை விட்டுப் போகவில்லை, சீலைதான் அவர்களை விட்டுப் போயிற்று, ஆகவே ஜெயமும் இல்லை தோல்வியும் இல்லை, கன்னிப்பாரில் இரண்டு ஊரும் முறைவைத்து மீன் பிடிக்கட்டும். இதைவிட நல்ல தீர்ப்பை எதிர்த்துக்கூட எங்கள் ஆட்கள் சண்டை போட்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு எல்லாரும் நனைந்திருந்தார்கள், பசியாகவும் இருந்தார்கள்.

ராசாவின் தோளில் தையல் போட்டு வந்த பிறகு ஜெபஸ்தியாள் கேட்டாள், “காயந்தான் கெடச்சிட்டே. பெறகு ஏன் கோடாலிய விட்டீரு?”

“ரெண்டு கையும் வேண்டியிருந்திச்சு” என்றார் ராசா.

காயம் ஆறித் தழும்பானது. அதற்குப் பின் அவர் ஏலக் கொட்டகையில் ஒருதரம் ரெண்டுதரம் கேட்கவில்லை. ரத்தம் ஓட ஆரம்பித்த உடம்பு மற்ற எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தது. சளி பிடித்தது, முட்டி வலித்தது, பல் ஆடியது, செந்தாடி வெளுத்தது, கருவாட்டுக்குக் காவல் இருக்கும்போது வாய் திறந்தபடி தூங்கினார். லாசரின் இரண்டு பெண்பிள்ளைகளும் அவரைப் பெரியப்பா என்றார்கள். ஒரு மழையில் அவர் குடிசைக்கும் ஜெபஸ்தியாள் குடிசைக்கும் நடுவிலிருந்த சுவர் விழுந்தது. யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை, ஊரும் கேட்கவில்லை. சில பொழுது கடலைப் பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். அப்போது ஜெபஸ்தியாள் அவரைக் கூப்பிடமாட்டாள்.

பல வருஷம் கழித்து, பனிக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், வெளியே வந்து தலையை ஆட்டினார். கஞ்சி இறங்கவில்லை. அவருடைய பாஷையில் ஏதோ இரண்டு பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தப் பெயர்கள் என்று ஜெபஸ்தியாளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, கயித்தான் ஏலம் கூறிக்கொண்டிருக்கும்போது, கடலுக்குள்ளிருந்து இரண்டு வாலிபர்கள் நடந்து வந்தார்கள். சிவந்த தாடி, இரும்புச் சட்டை, ஒருவன் நெஞ்சிலும் ஒருவன் கழுத்திலும் இப்போதுதான் பட்டதுபோல் சிவப்பாகக் காயம். மூத்தவனின் மூக்கைப் பார்த்ததும் கயித்தான் ஏலத்தை நிறுத்திவிட்டார். தற்செயலாக அங்கே வந்திருந்த லாசர் முன்னால் நடந்து வழி காட்டினான்.

ஜெபஸ்தியாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் அவளைவிட இரண்டு முழம் உயரம். மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

“அப்பன வந்து பாக்கணும்னு இப்பத்தான் தோணிச்சா?” என்றாள். “அவரு எத்தன கடல் சுத்தினாரு தெரியுமா? உள்ள ஒக்காந்து தின்னுக்கிட்டு இருந்தியளே, ஒருதரம் கதவத் தெறந்து எட்டிப்பாத்தா என்ன? எறங்கி வரக் காலு இல்லையா?”

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னவன் கண்ணைத் துடைத்தான்.

ஜெபஸ்தியாள் விலகி வழிவிட்டாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அவர்களிடம் நீட்டினாள்.

“காலக் கழுவிக்கிட்டு உள்ள போங்க” என்றாள். “சத்தம் போடாதிய. இப்பத்தான் கண்ணசந்திருக்காரு.”